வெறும் வயிறும் வறண்ட தொண்டையும்

வன்னியின் ஊர்ப் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கனகராயன்குளம், செட்டிகுளம், வவுனிக்குளம், பாவற்குளம், நெடுங்கேணி, இரணைமடு என எப்பக்கம் திரும்பினும் நீரின் பெயரே நம் காதில் விழுகின்றது. குளத்தைக் கட்டி, அதன் கீழ் வயலைத் திருத்தி, பின்னர் வீட்டைக் கட்டிக் குடியிருந்தவர்கள் நம் முன்னோர். நீரின் அருமையை இம்மண்ணின் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் இரத்தப் பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருட் பலர் முதலில் விலக்கி வைப்பது அந்த நீரையே என்பதை அண்மையில் நேரிற் கண்டோம்.

சோளகக் காற்று வீசும் காலத்தில் ஒரு நாட்காலை. உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு வைத்தியசாலையொன்றின் ஆய்வுகூட வாசலிற் காத்திருந்தோம். எமக்கு முன்னால் அறுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். உட்கிராமம் ஒன்றிலிருந்து விடியற்புறத்து முதல் பஸ்ஸில் வந்தவர். உதடுகள் வெடித்துக் காய்ந்திருந்தன. அவர் முறை வந்தது. தாதி ஒரு கையிற் பார்த்தார், மறு கையிற் பார்த்தார், நாளம் அகப்படவில்லை.

“ஆச்சி, கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீங்கள்?” என்று கேட்டார் தாதி.

“நேற்றுப் பின்னேரம் வயலாலை வந்து குடிச்சது, பிள்ளை. வெறும் வயித்தோடை வரச் சொன்னவை. விரதம் எண்டால் விரதந்தானே! ஒரு சொட்டும் வாயிலை வைக்கேல்லை.”

மூன்றாம் முறை ஊசி ஏறியது. எழுந்து நான்கடி வைத்த மூதாட்டி மயங்கிச் சரிந்தார். நல்லவேளையாக அருகில் நின்றோர் தாங்கிக்கொண்டனர்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டிய தேவை எழுந்திராது. அம்மூதாட்டியின் பேரன் எம்மிடம் படிக்கும் மாணவன் என்பது பின்னர் தெரியவந்தது. சில நாள் கழித்து அவன் வாடிய முகத்துடன் வந்து, பரிசோதனை முடிவைக் காட்டினான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் என்னும் பொருளின் அளவு சற்றே உயர்ந்திருந்தது. அவ்வூரிற் சிறுநீரக நோயால் மடிந்தவர்களும், குருதிச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் வைத்தியசாலைக்கு அலைகின்றவர்களும் உள்ளனர். எனவே அந்தத் துண்டுத்தாள் அவ்வீட்டில் மரண ஓலை போலவே வாசிக்கப்பட்டது. மகன் அதனைத் தாயின் கண்ணிற் படாமல் ஒளித்து வைத்தார். மருமகள் அழுதார். வைத்தியரோ அமைதியாக, “நன்றாகத் தண்ணீர் குடித்து, முதல்நாள் கடும் வேலை செய்யாமல் மறுபடி வரட்டும்” என்றார். மூன்று கிழமை கழித்து எடுத்த பரிசோதனையில் அளவு இயல்பான எல்லைக்குள் வந்திருந்தது.

ஒரு குடும்பம் மூன்று கிழமை உறக்கமின்றித் தவித்ததற்கு, ‘வெறும் வயிறு’ என்ற இரு சொற்களை நாம் தவறாக விளங்கிக்கொண்டதும் ஒரு காரணம். ஆதலின் அச்சொற்களைச் சற்று ஆராய்வது நன்று.

விரதம் வேறு, பரிசோதனை வேறு

விரதம் நமக்குப் புதியதன்று. கந்தசஷ்டியின் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் உண்போர் உளர். நீர் மட்டும் அருந்துவோர் உளர். அந்நீரையும் துறப்போரும் உளர். எவ்வளவு துறக்கின்றோமோ அவ்வளவு மேன்மை என்பது விரதத்தின் இயல்பு. நம் அயலிலுள்ள இசுலாமிய அன்பர்களும் நோன்பு மாதத்திற் பகல் முழுதும் நீர் அருந்துவதில்லை. இவையாவும் உள்ளத்தைப் பண்படுத்தும் நெறிகள். அவற்றின் அளவுகோல் பக்தி.

ஆய்வுகூடத்தின் அளவுகோல் வேறு. ‘சாப்பிடாமல் வாருங்கள்’ என்று அங்கே சொல்வது, உண்ட உணவிலிருந்து குருதியிற் சேரும் குளுக்கோசும் கொழுப்பும் கணக்கைக் குழப்பாதிருத்தற் பொருட்டேயாம். குளுக்கோசுப் பரிசோதனைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம் உணவு தவிர்த்தல் வேண்டும். கொழுப்புப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை தவிர்க்கச் சொல்வது வழக்கம். இக்காலத்திற் பல நாடுகளில் கொழுப்புப் பரிசோதனையை உண்ட பின்னரும் செய்கின்றனர். எவ்வாறாயினும் இவ்விரண்டிலும் விலக்கப்படுவது உணவும், சத்துள்ள பானங்களுமே. வெறும் நீர் விலக்கப்பட்ட பொருளன்று.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

நீர் குடித்தாற் குருதி ஐதாகிக் குளுக்கோசின் அளவு குறைந்து காட்டாதோ என்ற ஐயம் மாணவர்க்கு எழுவது இயல்பே. அதனை ஒரு சிறு கணக்கினால் தீர்க்கலாம்.

அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஓர் ஆடவரின் உடலில் ஏறத்தாழ 36 லீற்றர் நீர் உண்டு. அவர் ஒரு குவளை, அதாவது கால் லீற்றர் நீர் அருந்துகின்றார் என்போம். அது அவருடைய உடல்நீரின் 144இல் ஒரு பங்கேயாம். அதுவும் குருதியில் மட்டும் தங்கி நிற்பதில்லை; உடலெங்கும் பரவுகின்றது. மிகுதியைச் சிறுநீரகம் விரைவில் வெளியேற்றிவிடுகின்றது. போதாததற்குக் குருதிக் குளுக்கோசின் அளவை ஈரலும் இன்சுலின் முதலிய சுரப்புகளும் ஓயாது காவல் செய்கின்றன. ஆகவே ஒரு குவளை நீர் அந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

இனித் தேநீரைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலிற் சுமார் ஐந்து லீற்றர் குருதி ஓடுகின்றது. உணவு உண்ணாத வேளையில் நலமுள்ள ஒருவரின் குருதியில், ஒரு டெசிலீற்றருக்கு நூறு மில்லிகிராமுக்குக் குறைவான குளுக்கோசே இருக்கும். அது 126 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு என ஐயுற்று, மீண்டும் சோதித்து உறுதி செய்வர். நூறு மில்லிகிராம் என்றே வைத்துக் கணக்கிட்டாலும், ஐந்து லீற்றர் குருதியிலும் உள்ள மொத்தக் குளுக்கோசு ஐந்து கிராமேயாகும். அது ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை! காலையில் நாம் குடிக்கும் தேநீரிலோ இரண்டு தேக்கரண்டிச் சீனி கரைந்திருக்கின்றது. நீர் ஏன் ஆகும், தேநீர் ஏன் ஆகாது என்பது இப்பொழுது விளங்குமன்றோ?

சீனியில்லாத வெறுந்தேநீரும் கோப்பியும் கூட வேண்டா. அவற்றிலுள்ள கபேயின் உடலின் சுரப்புகளைத் தூண்டவல்லது. இளநீர், பழச்சாறு, கஞ்சி, பழந்தண்ணீர், சோடா, குடிநீர் மருந்துகள் ஆகியனவும் விலக்கத்தக்கனவே. வெற்றிலை, சுருட்டு, புகைப்பிடித்தல் ஆகியவற்றையும் அன்று காலை ஒதுக்கி வைத்தல் வேண்டும். ‘நீர்’ என்றால் ஒன்றுங் கலவாத நீர் மட்டுமே.

வற்றிய குளத்து மீன்கள்

நீர் குடிப்பதனாற் கேடில்லை என்பது ஒரு பாதி உண்மை. நீர் குடியாமற் போவதனாற் கேடு உண்டு என்பது மறு பாதி.

கோடையிற் குளம் வற்றும்போது மீன் பிடிப்போரைக் கண்டிருப்பீர்கள். வலை வீசுமிடமெல்லாம் மீன் துள்ளும். குளத்தில் மீன் பெருகிவிட்டதா? இல்லை, நீர் குறைந்தமையால் இருந்த மீன் நெருங்கிவிட்டது. குருதியிலும் இதுவே நிகழ்கின்றது. குருதியிற் பாதிக்குச் சற்று மேற்பட்டது பிளாசுமா என்னும் திரவம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. உடலில் நீர் குறையும்போது பிளாசுமா சுருங்குகின்றது. அப்போது செங்குருதிக் கலங்களும் ஈமோகுளோபினும் புரதமும் உள்ளதை விட அதிகமாக இருப்பதுபோலத் தோன்றும்.

இதில் ஓர் அபாயம் மறைந்திருக்கின்றது. குருதிச் சோகையுள்ள ஒரு பெண் நீரின்றி வாடிய நிலையிற் பரிசோதனைக்குச் சென்றால், அவருடைய ஈமோகுளோபின் இயல்புக்கு அண்மையதாகக் காட்டக்கூடும். உள்ள நோய் தாளில் மறைந்துவிடும். வற்றிய குளத்தைக் கண்டு மீன்வளம் மிகுந்தது என்று கணக்கெழுதுவதற்கு இது ஒப்பானது.

நீர் குறைந்த உடலில் நாளங்களும் தளர்ந்து ஒடுங்குகின்றன. ஊசி ஏற்றுதல் கடினமாகின்றது. மயக்கம் வருவதும் எளிதாகின்றது. இரத்ததானம் செய்வோருக்கு முன்கூட்டியே இரண்டு குவளை நீர் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பது இம்மயக்கத்தைத் தவிர்ப்பதற்கே.

டெங்குக் காய்ச்சலின்போது வைத்தியர்கள் ஒரே நாளிற் பலமுறை குருதி எடுத்துப் பார்ப்பதும் இந்த அடர்த்தியை அறிதற் பொருட்டேயாம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். இந்நோயிற் குருதிக் குழாய்களிலிருந்து பிளாசுமா கசிவதுண்டு. கசிந்தாற் செங்கலங்களின் விகிதம் உயரும். அவ்வுயர்வே அபாய மணி. நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்று தாதியர் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவது தொந்தரவுக்காகவன்று. அக்கணக்கு இல்லாமற் பரிசோதனை முடிவின் பொருளைச் சரிவர அறிய இயலாது. குடியாததைக் குடித்ததாகச் சொல்லித் தப்பிக்கொள்ளும் பிள்ளைகள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

சிறுநீரகத்தின் சாட்சி

இனி, வன்னி மக்கள் உற்று நோக்க வேண்டிய இடத்துக்கு வருகின்றோம்.

நம் தசைகள் தொழிற்படும்போது கிரியற்றினின் என்னும் கழிவு இடையறாது உண்டாகின்றது. சிறுநீரகங்கள் அதனை வடித்து வெளியேற்றுகின்றன. நாளொன்றுக்கு அவை வடிக்கும் திரவம் ஏறத்தாழ 180 லீற்றர். அதில் ஒன்று அல்லது இரண்டு லீற்றரை மட்டும் சிறுநீராகப் போக்கி, எஞ்சியதை மீட்டுக் குருதிக்கே கொடுத்துவிடுகின்றன. வடிக்கும் ஆற்றல் குறைந்தாற் கிரியற்றினின் குருதியிற் தேங்கும். 1886ஆம் ஆண்டில் செருமனிய அறிஞர் மக்சு யாபே, இப்பொருள் பிக்கிரிக்கமிலத்துடன் காரக்கரைசலிற் சேர்ந்து செம்மஞ்சள் நிறந் தருவதைக் கண்டறிந்தார். அந்நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளவிடும் முறை இன்றும் உலகின் பல ஆய்வுகூடங்களில் வழங்குகின்றது.

இந்தச் சாட்சியிடம் ஒரு குறை உண்டு. சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அழியும் வரை கிரியற்றினினின் அளவு பெரிதும் உயர்வதில்லை. ஆகவே தொடக்கத்திற் காணப்படும் சிறு உயர்வே விலைமதிப்பற்ற எச்சரிக்கை. அத்தகைய சிறு உயர்வை நீர் வறட்சியும் உண்டாக்கக்கூடும். முதல்நாட் கடும் உழைப்பும், இரவில் உண்ட இறைச்சிக் கறியும் உண்டாக்கக்கூடும். இறைச்சியைச் சமைக்கும்போது அதிலுள்ள ஒரு பொருள் கிரியற்றினினாக மாறுகின்றது. உண்மை நோயின் குரல் எது, தாகத்தின் குரல் எது என்று பிரித்தறிய இயலாத நிலையை நாமே ஏன் உண்டாக்க வேண்டும்?

இக்கேள்வி வன்னிக்கு எவ்வளவு தேவையானது என்பதைக் கூற வேண்டியதில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளிற் காரணந் தெரியாத சிறுநீரக நோயொன்று உழவரிடையே பரவலாகக் காணப்பட்டது. நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் இல்லாதவர்களையே அது பற்றியது. மதவாச்சி வவுனியாவின் தெற்கு வாசல். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இந்நோயாளர் காணப்பட்டனர். கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஆராய்ச்சியாளரிடையே முடிந்த முடிபு ஏற்படவில்லை. நடு அமெரிக்காவின் நிக்கராகுவா, எல்சல்வடோர் நாடுகளிற் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும் இதனையொத்த நோய் உண்டு. அங்கே நீரும் நிழலும் ஓய்வும் கொடுத்துத் தொழிலாளரைக் காக்க முயல்கின்றனர்.

இந்நோய் தொடக்கத்தில் வலியோ வீக்கமோ காட்டுவதில்லை. சிறுநீரில் அல்புமின் வெளிப்படுவதும் பெரும்பாலும் சொற்பமே. எனவே ஊரூராகச் சென்று நோயைத் தேடுவோருக்குக் குருதியின் கிரியற்றினினே முக்கிய சாட்சியாகின்றது. சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் மூன்று மாதத்துக்கு மேலாகக் குறைந்திருந்தாலன்றி அதனை நாட்பட்ட நோயென வைத்தியர் முடிவு செய்வதில்லை. ஆதலின் ஒரு தாளைக் கண்டு உள்ளம் உடைதலும் தவறு. ‘அன்றைக்குத் தண்ணி குடிக்கேல்லை, அதுதான்’ என்று சொல்லி மறு பரிசோதனைக்குப் போகாமல் விடுதலும் தவறு. உண்மையிற் பழுதடைந்த சிறுநீரகத்தை ஒரு செம்பு நீர் சரிசெய்துவிடாது. மறு பரிசோதனையே வழி.

அளவுக்கு மிஞ்சினால்

இவ்வளவுங் கேட்ட பின், குடத்தோடு குடித்துவிட்டுப் போவோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. எமக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் பரிசோதனைக்கு முன் மூன்று லீற்றர் நீரை ஒரே மூச்சிற் குடித்தார். “கழுவி விட்டால் நல்ல ரிப்போட் வரும், மாஸ்ரர்” என்பது அவர் வாதம். பரிசோதனை நமக்கு மதிப்பெண் போடும் பரீட்சையன்று. உடல் தன் நிலையைச் சொல்லும் சாட்சியம். சாட்சியைக் கலைத்தால் நட்டம் நமக்கே. குறுகிய நேரத்தில் அளவிறந்து நீர் அருந்தினாற் குருதியிற் சோடியம் குறைந்து தீங்கு விளைதலும் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையாயின், மிகையான நீர் அதனை ஐதாக்கி, உள்ள அல்புமினையும் மறைத்துவிடக்கூடும். காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதற் சிறுநீரைக் கேட்பதன் காரணம், அது அடர்த்தியாயிருப்பதே.

முறை எளியது. முதல்நாள் வழக்கம்போல் நீர் அருந்துக. இரவுணவின் பின் வேறொன்றும் உண்ணாதிருக்க. தாகம் எடுத்தால் நீர் குடிக்க. காலையில் ஒரு குவளை, நெடுந்தூரப் பயணமாயின் வழியில் இன்னும் ஒரு குவளை அருந்துக. முதல்நாட் கடும் உழைப்பைத் தவிர்க்க. ஆய்வுகூடத்தை அடைந்த பின் பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருக்க. நிற்கும் உடலிலும் படுத்திருக்கும் உடலிலும் குருதியின் அடர்த்தி வேறுபடுவதுண்டு. குருதி கொடுத்தவுடன் உண்பதற்குக் கையோடு உணவும் கொண்டு செல்க.

இவ்விதிக்குச் சில விலக்குகள் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் உணவையும் நீரையும் நிறுத்தச் சொல்வது வேறு காரணத்துக்காக. மயக்க நிலையில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பையிற் புகுந்துவிடாமற் காப்பதே அதன் நோக்கம். அங்கே கூறிய நேரத்தை எழுத்துப் பிசகாமற் கடைப்பிடித்தல் வேண்டும். இருதய நோய் அல்லது சிறுநீரக நோய் காரணமாக நீரின் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் அவ்வரையறையை மீறலாகாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுவோர், உணவு உண்ணாமல் அன்று காலை ஊசி போடுவதா என்பதை வைத்தியரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். நோன்பு நோற்போரும் கந்தசஷ்டி அனுட்டிப்போரும், அவசரமில்லாத பரிசோதனையாயின் வேறொரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அவசரமாயின் நோன்பிருப்பதை வைத்தியரிடம் சொல்லிவிடுதல் நன்று.

பேரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை

கட்டளையைச் சொல்லும் இடத்திலேயே ஒரு சொல் கூட்டிச் சொன்னாற் பாதித் துன்பம் நீங்கிவிடும். ‘சாப்பிடாமல் வாருங்கள்’ என்பதோடு ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்பதையும் சேர்த்துச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லாவிடின் நாம் கேட்கலாம். கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.

மாணவர்களே, வீட்டில் ஆச்சிக்கோ அப்பப்பாவுக்கோ பரிசோதனைத் துண்டு கொடுத்தால், அதனை வாசித்துச் சொல்வது பெரும்பாலும் நீங்களே. எழுத்தை வாசிப்பதோடு நில்லாமற் பொருளையும் விளக்குங்கள். எம்மிடம் படிக்கும் அந்த மாணவன் இப்பொழுது அதைத்தான் செய்கின்றான். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு வருமாறு வைத்தியர் சொல்லியிருந்தார். அன்று விடியற்புறம் எழுந்து, அடுப்படியிலிருந்து ஒரு செம்பு நீர் மொண்டு வந்து, “அம்மம்மா, இது விரதமில்லை; குடியுங்கோ” என்று நீட்டினானாம். முதலிற் தயங்கிய கிழவி, பின்னர் முழுவதையும் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். அன்று முதற் குத்திலேயே நாளம் அகப்பட்டது. தாள் நல்ல செய்தியே சொன்னது. அவர் மயங்கவுமில்லை.